பிரேக் டிஸ்க்கும் பானைக் கடைப் பழக்கமும்

என் கணவர் விடுமுறை நாட்களில் விமான ஓடுதளத்தில் நடக்கும் கார்ப் பந்தயங்களில் ஓட்டுபவர். எங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்குகள் தேய்ந்துவிட்டன. வெளிநாட்டுச் சாமான் புதிதாகக் கிடைப்பதில்லை என்பதால், மாட்டுங்காவிலிருந்து இருவரும் தாராவியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பளபளக்கும் ஒரு ஜோடியையும் துருவேறிய ஒரு ஜோடியையும் எடுத்து வைத்தார்.

"இது புதுசு மாதிரில்லா இருக்கு! கண்ணை மூடிட்டு வாங்கலாம், ஸார்" என்று பளபளப்பைக் காட்டினார். இவரும் தலையாட்டிவிட்டார்.

பக்கத்துக் குயவர் தெருவில் தட்டிப் பார்த்துப் பானை வாங்கும் பழக்கம் எனக்கு. ஒவ்வொரு டிஸ்க்கையும் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினேன். துருவேறியவை மணியாய் ஒலித்தன. பளபளத்ததில் ஒன்று 'டொக்' என்றது.

"பானையா வாங்கறே?" என்று இவர் சிரித்தார்.

"ஏன்னா, பானை விரிஞ்சா தண்ணிதானே போகும்?" என்றேன்.

சிரிப்பு நின்றது. டிஸ்க்கில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தார். போல்ட் துளையிலிருந்து விளிம்புவரை விரிசல் மயிரிழைபோல ஈரக்கோடாக எழுந்தது.

துருவேறிய ஜோடியின் தடிமனை அளந்து வாங்கி, லேத்தில் துரு போகக் கடைசல் பிடித்து மாட்டினோம். அடுத்த பந்தயத்தில் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது.

இப்போதெல்லாம் கடைக்காரர் சொன்னபடியேதான் வாங்குகிறோம். இவர் தட்டுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.