அசையாத சுவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஹொல்ம்லியா என்ற புறநகரிலிருந்து ரயிலேறி, ஒஸ்லோ நகரத்துப் பழைய கல் தேவாலயமொன்றைக் கூட்டித் துடைக்கப் போய்வந்தேன். ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, அங்கே ஆராதனை நடக்கும்போதே நிலம் நடுங்கிச் சனம் விழுந்தடித்து வெளியே ஓடியதாம். இந்த ஊரிலும் பூமி நடுங்குமா என்று கேட்டேன். தேவாலயப் பொறுப்பாளர் வடக்குச் சுவரைக் காட்டினார். கூரையிலிருந்து இடுப்புயரம் வரை வெடிப்பு.

அதைத் திருத்த ஒரு வருடம் எடுத்தது. முந்தி யாரோ அப்பிய சீமெந்தைச் சுரண்டியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்தார்கள். கடைசியில் வெடிப்பின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார்கள். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"இந்தச் சுவரை மட்டும் தொடாதே" என்றார் பொறுப்பாளர். திருத்திய தேவாலயத்தில் முதல் திருமணம் அவருடைய மகளுக்கு. மனைவியை அவர் மணமுடித்ததும் அங்கேதான்; அந்த அம்மா இறந்து மூன்று வருடம். அதே பீடத்தின் முன் மகளைப் பார்க்க வேண்டும், மனிதருக்கு அது ஒன்றுதான் ஆசை.

கலியாணம் என்றால் எங்கள் ஆட்கள் சுவரைக் கழுவாமல் விடுவார்களா? யார் என்னைக் கேட்டது! நாலு நாள் இருக்கையில் வாளியும் தும்புத்தடியுமாய் இறங்கி, மற்றச் சுவர்களைத் தேய்த்த வேகத்தில் அதிலும் கைவைத்தேன். டிக் என்றது. ஒரு கண்ணாடி இரண்டாய்ப் போயிற்று.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ, உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? உடைச்சனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. உடைஞ்சு கிடந்ததெண்டு சொல்லுங்கோ. வேலை போச்செண்டால் என்ன செய்யிறது?"

அவள்மேல் பழி போட மாட்டேன். உடைந்து கிடந்தது என்று பொறுப்பாளரிடம் போய்ச் சொன்ன வாய் என்னுடையது. பொறியியலாளர் வந்தார், சுவர் அசைகிறது என்று எழுதினார், கதவைப் பூட்டினார். பூட்டிய கதவில் கையை வைத்தபடி பொறுப்பாளர் நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கங்கெட்டவன், ரயிலுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

கலியாணம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. பொறுப்பாளர் என்னையும் மனைவியையும் தன் குடும்பத்தாரின் மேசையிலேயே இருத்தினார். சாப்பாட்டுக்கு நடுவே கிளாசைக் கரண்டியால் தட்டிவிட்டு எழுந்து பேசினார். "உடைந்த கண்ணாடி இந்த மனிதரின் கண்ணில் பட்டிருக்காவிட்டால், அந்தச் சுவர் இன்று என் மகளின் தலையில் விழுந்திருக்கும்."

சனம் கைதட்டியது. உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன், கடவுளாணை அதற்குத்தான். நோர்வேஜிய மொழியில் வசனம்கூட வாய்வரை வந்துவிட்டது. மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். மணப்பெண் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். நான் இரண்டு கையையும் கூப்பி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.