மூன்றாம் பேஸ் யாருடையது

அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றார். வேலை பார்த்தார் என்பதைவிட நின்றார் என்பதுதான் சரி. அங்கே உட்கார விடமாட்டார்கள். லீவு கிடைக்கும் ஒரு நாளிலும் கோட்டூர்புரம் பக்கம் மைதானத்துக்குப் போய் நிற்பார். பெண்கள் சாஃப்ட்பாலுக்கு அவரும் சித்தப்பாவும் அம்பயர்கள். அங்கே மட்டும்தான் அப்பாவை ‘சார்’ என்பார்கள்.

அம்பயர் இரண்டு பேர், ஓடுகிறவள் வரிசையாகத் தொட வேண்டிய, அவர்கள் பார்க்க வேண்டிய பேஸ் நான்கு. அப்பா கம்பி முகமூடியோடு பேட்டருக்குப் பின்னால். சித்தப்பா உள்ளே நடுவில். பேட்டர் நிற்கும் ஹோம் அப்பாவுடையது, மீதி மூன்றும் சித்தப்பாவுடையது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் வந்தது. தீபாவளி நெருக்கம், கடையில் வாரம் முழுக்கக் கூட்டம். மகள் ஆடுகிறாளே என்று அப்பா தயங்கினார். வேறு ஆள் இல்லை என்று எங்கள் விளையாட்டு டீச்சர் விடவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் எடுத்தால் சமம். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்; மூன்றாமவளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. நான் முதல் பேஸில். அடுத்தவள் பந்தை வலப்பக்கம் தூர அடித்தாள். நான் இரண்டைத் தாண்டி ஓடி மூன்றில் சறுக்கினேன். கால் பேஸில் பட்ட பிறகுதான் பந்தே வந்தது. பந்தைப் பிடித்தவளின் கையுறை என்மேல் படவில்லை. நிமிர்ந்தால் பக்கத்தில் அம்பயர் இல்லை. அப்பா ஹோமிலிருந்து நாலடி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சித்தப்பா எனக்கு முதுகைக் காட்டி, அடித்தவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மூணாவதை யாரு பார்த்தது?” என்று டீச்சர் கத்தினார்.

சித்தப்பா திரும்பினார். அப்பாவைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி “அவுட்” என்றார்.

எங்கள் அணியில் நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி. விடுவாளா? “இன்னா சார், அங்க பாத்துக்கினு இருந்துட்டு இங்க அவுட்டுன்ற? முதுகுல கண்ணு கீதா?”

“மூணாவது என்னோடதும்மா. திரும்பக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. ஆனா அவுட்டுதான்.”

அப்பா முகமூடியைக் கழற்றிக்கொண்டு மெல்ல மைதானத்துக்கு வெளியே நடந்தார்.

பட்டியலில் என் பெயர் இல்லை. பஸ்ஸில் அப்பா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். சித்தப்பா சுண்டல் பொட்டலத்தை நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் கோயிலில் கண்ணை இறுக்கி மூடிக் கேட்டேன்: “தாயே, இந்தச் சித்தப்பாவை இனிமே யாரும் மைதானத்துக்குக் கூப்பிடக் கூடாது.”

கூப்பிடவில்லை. பேஸைப் பார்க்காத அம்பயர் என்று பேராகிவிட்டது. அப்பாவை மட்டும் இன்னும் நாலைந்து வருஷம் கூப்பிட்டார்கள்.

போன மாதம் என் மகளின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். முதல் பேஸில் இருந்தவள் மூன்றுக்கு ஓட, பேட்டருக்குப் பின்னால் நின்ற அம்பயர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் அங்கே நின்றார். அவர் ஏன் அங்கே போகிறார் என்று ஆட்டம் முடிந்ததும் மகளிடம் கேட்டேன்.

“அது அவரு பேஸும்மா. முதல்ல ஆள் இருந்து பந்து தூரமாப் போனா மூணாவதை அவர்தான் பார்க்கணும். இன்னொருத்தர் அடிச்சவளைப் பார்ப்பாரு. இதுகூடத் தெரியாதா? அம்பயர் வீட்டுப் பொண்ணாம்!”

அப்பா இன்று இல்லை. அவர் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்திருக்கும். அம்மா எண்ணெய் தேய்ப்பதைத் தினமும் பார்த்தவள்தான் நான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சித்தப்பா கேட்காமலே தெரிந்துவைத்திருந்திருக்கிறார்.

அந்தத் தீபாவளிக்கு அடுத்த மார்கழியில், கேட்டது பலித்ததே என்று நெய்விளக்கு ஏற்றப் போனேன். கூட்டிப் போனவர் சித்தப்பாதான். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது.

“எதுக்குக் கண்ணு விளக்கு?”

“வேண்டிக்கிட்டது கிடைச்சிடுச்சு.”

“அம்பாள் கைவிட மாட்டா,” என்று சொல்லிவிட்டு, திரி பற்றும்வரை இரண்டு கைகளையும் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார்.