அப்பா பார்க்காமலே திட்டிய படம்

மறுபடியும் எடுக்கப் போகிறார்களாம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் போஸ்டரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே மூன்று கைதட்டல்களையும் வைத்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தை ஒருமுறை ஒழுங்காக எடுத்தாகிவிட்டது. ஊர் முழுக்கப் பார்த்து அழுதும் ஆகிவிட்டது. அப்படியே விட்டுவிட வேண்டியதுதானே? நன்றாக இருக்கிற வீட்டை யாராவது சும்மா இடித்துக் கட்டுவார்களா? கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில் கட்டுவார்கள், அது வேறு விஷயம்.

உண்மையைச் சொன்னால், இந்த ஆத்திரம் என் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. அப்பாவிடமிருந்து வந்தது. அந்தப் பழைய படத்தை முதல் தடவையாக மறுபடி எடுத்தபோது எனக்குப் பத்து வயது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை.

அப்பா காலி வீதியில் ஒரு பார்மசியில் மருந்து கொடுப்பவராக இருந்தார். வெள்ளவத்தையில் பாதிப் பேருடைய இரத்த அழுத்தம் அவருக்கு மனப்பாடம். அமைதியான மனிதர்தான், அந்தப் பழைய படத்தைப் பற்றிப் பேச்சு வராத வரைக்கும். குவைத்தில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பெட்டிகளில் எனக்கு ஒரு பொம்மை இருந்தது, அம்மாவுக்கு வாசனைப் போத்தல்கள் இருந்தன, அவருக்கென்று அந்தப் படத்தின் வீடியோ கசெட் இருந்தது. அப்போது எனக்கு நாலு வயது. நான் பிறப்பதற்கு முன்பே போனவர் என்பதால், வாசலில் நின்ற அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டேனாம். விருந்தினர் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. நாடகக் கம்பனியோடு ஊர் ஊராகப் போன ஒருவன் பன்னிரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான். மனைவி அவனைப் பார்க்கிறாள், உள்ளே போகிறாள், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் குடிக்கிறான். படம் முடிகிறது. இந்தக் கடைசிக் காட்சி வந்தால் அப்பா ஒரு விரலை உயர்த்துவார். வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்துவிட்டது. அப்பா கசெட்டைப் பின்னால் ஓட்டி, காட்சியை முதலிலிருந்து போட்டார்.

“பார் பிள்ளை, ஒரு வசனம் இருக்கோ? ஒரு சொல்லு? பன்னிரண்டு வருசத்தையும் அந்தக் கண்ணாலயே சொல்லிப்போட்டாள். இதுதான் நடிப்பு.”

ஞாயிறுக்கு ஞாயிறு இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. நான் பார்த்தவரையில் அவளுக்குத் தூக்கம் வந்தது போலத்தான் இருந்தது. அம்மா அந்தக் காட்சிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அந்த நேரத்தில் அவருக்குக் குசினியில் ஏதாவது வேலை வந்துவிடும். அம்மாவும் என்னைப் போல அலுத்துப்போய்த்தான் எழுந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியிருக்க, புதுப் படம் வந்தது. கலர். பெரிய நடிகர். பத்திரிகையில் வந்த விமர்சனத்தை அப்பா காலைத் தேநீரோடு வாசித்தார். பாதியில் கோப்பையை வைத்தார்.

“இஞ்சேரும், கேட்டீரோ? கடைசியில அவள் கதைக்கிறாளாம்! செம்பைக் கையில வச்சுக்கொண்டு கேள்வி கேக்கிறாளாம்! இவங்களுக்கு என்ன கோதாரி பிடிச்சது?”

“என்ன கேள்வியாம்?” என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

“என்ன கேள்வியா இருந்தால் என்ன? கேள்வி கேட்டால் படம் போச்சு.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது. பார்மசிக்கு வந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்க வேண்டியிருந்தது. இருமல் மருந்துக்கு வந்தவர் மருந்தைக் கண்ணால் கண்டுகொண்டு, கையில் கிடைக்காமல், கால் மணி நேரம் நின்றார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய், கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்து வீட்டுப்பாடம் செய்வது வழக்கம். அந்த நாட்களில் பின்னக் கணக்குகளை விட அப்பாவின் பிரசங்கம்தான் எனக்கு நன்றாகப் பாடமாகியது. வீட்டில் சட்டமும் போட்டுவிட்டார். யாரும் அந்தப் படத்தைப் பார்க்கப் போகக்கூடாது. வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பார்த்திருந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி இருக்கிறது, வா என்றார். நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமையில் அந்தோனியாரிடம் போவதற்குக் கொழும்பில் யாரும் காரணம் கேட்பதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் “இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்று எங்களை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். கோயிலில் அம்மா அவசரமாக இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு ஒரு த்ரீவீலரை மறித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரின் பெயரைச் சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

“அம்மா, அந்தப் படமோ?”

“வெள்ளவத்தையில எண்டால் ஆரும் கண்டு அப்பாட்ட சொல்லிப்போடுவினம். நீ வாயைத் திறக்கக்கூடாது, சரியோ?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா கச்சான் கடலை வாங்கித் தந்தார். தியேட்டரில் முப்பது பேர்கூட இல்லை. படத்தில் பாட்டுகள் இருந்தன, ஒரு சண்டை இருந்தது, நகைச்சுவை நடிகர் ஒருவர் இரண்டு தடவை சேற்றில் விழுந்தார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அப்பாவுக்குத் துரோகம் செய்கிறோம் என்ற எண்ணம் அவ்வப்போது வந்தது. வரும்போதெல்லாம் கச்சானைச் சாப்பிட்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. அவள் செம்போடு வந்தாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“இத்தனை வருஷமா நான் எப்படி இருந்தேன்னு ஒரு நாளாவது நினைச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

அவள் செம்பை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தார். கண் கலங்குவது போல இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். விளக்குகள் எரிந்த பிறகும் நிற்கவில்லை. பின்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பஸ்ஸில் கேட்டேன். “ஏன் அம்மா அழுதனீங்கள்?”

“ஏசிக் காத்து கண்ணுக்குப் பிடிக்கேல்ல.”

அந்தத் தியேட்டரில் ஏசி வேலை செய்யவில்லை. எல்லாரும் டிக்கெட்டால் விசிறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பா சொன்னது சரிதான். படத்தைக் கெடுத்துவிட்டார்கள். எவ்வளவு கெடுத்துவிட்டார்கள் என்றால், அம்மாவால் தாங்க முடியவில்லை. அம்மாவும் இத்தனை நாளாக அந்தப் பழைய படத்தை உள்ளுக்குள் நேசித்திருக்கிறார், வெளியே காட்டவில்லை. இதைக் கண்டுபிடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்து, வாயைத் திறக்காமல் ஒன்பது நாள் இருந்தேன்.

பத்தாவது நாள் பார்மசிக்குப் பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் நானா சீனி வருத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்தார். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். நானா சற்று நேரம் பொறுமையாகக் கேட்டார்.

“நான் வீட்டாக்களோட போய்ப் பாத்த. நல்லாத்தானே ஈக்கிது. நீங்க பாத்தீங்களா?”

“அதைப் பாக்கத் தேவையில்லை.”

“பாக்காம எப்பிடிச் சரியில்ல எண்டு செல்றீங்க?”

மருந்துச் சீட்டோடு நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அப்பா எண்ணி முடித்த மாத்திரைகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினார். அவர் முகம் சிவந்தது. இத்தனை நாள் அவர் பிரசங்கத்தால் எரிச்சல்பட்டவள்தான் நான். ஆனால் வேறு ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டூலிலிருந்து குதித்தேன்.

“அப்பா சொன்னது சரிதான். படம் சரியான மோசம். அம்மா பாத்துப்போட்டு விக்கி விக்கி அழுதவா!”

நானா மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, “அப்ப நான் வாறன்” என்று மெதுவாகப் போய்விட்டார். அப்பா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் மருந்தைக் கொடுத்தார். பிரசங்கம் ஒன்றும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார்.

“நீர் அந்தப் படத்தைப் பாத்தனீரோ?”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஓம்.”

“அவ்வளவு மோசமோ?”

“மோசம் எண்டு ஆர் சொன்னது?”

“பிள்ளைதான் சொன்னவள். நீர் அழுதனீராம்.”

“அழுதனான்தான்,” என்றார் அம்மா. “நல்ல படம்.”

அப்பா குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கினார். எனக்கோ குழப்பமாகிவிட்டது. அப்பாவுக்காகப் பேசியது நான். அம்மாவின் அழுகைக்குச் சரியான விளக்கம் கொடுத்ததும் நான். இப்போது இருவரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கசெட்டை எடுக்கவில்லை. மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு, “பிள்ளை, வெளிக்கிடு” என்றார். வாசல் தாண்டும் வரையில் எங்கே என்று சொல்லவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அதே தியேட்டர். படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கப் போகிறார்கள், அன்றுதான் கடைசி என்று டிக்கெட் கொடுத்தவர் சொன்னார்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை வந்தபோது உச்சுக்கொட்டினார். நகைச்சுவை நடிகர் சேற்றில் விழுந்தபோது “விசர்க் கூத்து” என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. கடைசிக் காட்சிக்காகக் காத்திருந்தேன். அங்கே என்னவெல்லாம் சொல்லப்போகிறார்! அவள் செம்போடு வந்தாள், கேள்வியைக் கேட்டாள், செம்பைக் கீழே வைத்தாள், உள்ளே போனாள். விளக்குகள் எரிந்தன, ஆட்கள் போனார்கள், கூட்டுகிறவர் வந்து எங்கள் காலடியில் நின்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் கோட்டை வரையில் பொறுத்துப் பார்த்தேன். பம்பலப்பிட்டி வரையில் பொறுத்துப் பார்த்தேன். “எப்பிடி அப்பா?” என்று கேட்டதற்கு, “ம்” என்றார். இரண்டு மாதம் பார்க்காமலே பேசியவர், பார்த்த பிறகு பேசமாட்டேன் என்கிறார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

வீட்டில் அம்மா என் வெள்ளைச் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றார்.

“நான் குவைத்தால வந்து இறங்கின அண்டைக்கு நீரும் ஒண்டும் கேக்கேல்ல, என்ன?”

அம்மா அயன் பெட்டியை நிறுத்தவில்லை. “கேக்கேல்ல.”

“ஏன்?”

“எங்க கேக்க விட்டனீங்கள்? வந்து கதிரையில இருந்த உடன அந்த ஊர் வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினனீங்கள். பிறகு பெட்டியைத் திறந்தனீங்கள். பிறகு சனம் வந்திட்டுது.”

அப்பா கதிரையை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு இருந்தார்.

“இப்ப கேளும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், வெயிலையும் பெட்டியையும் பற்றிப் பேசுகிறார்கள்.

“படம் மோசம்தானே அப்பா? நீங்களாவது சொல்லுங்கோவன்!”

“நீ கீழ போய் விளையாடு பிள்ளை,” என்றார் அம்மா. அயன் பெட்டியின் வயரைக் கழற்றினார்.

நான் கீழே போகவில்லை. கோபத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே படியில் இருந்தேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. முதலில் மெதுவாக, பிறகு உரத்து, பிறகு மறுபடியும் மெதுவாக, அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அம்மா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவின் குரல் கேட்கவே இல்லை. வெளியே இருட்டி, கீழ்வீட்டில் விளக்குப் போட்ட பிறகும் முடியவில்லை. முழுப் படத்தையும் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு அம்மா எதற்காக அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், அவரும் எதற்காக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று, பசியோடு படியில் இருந்த எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.