தொட்டியில் இன்னும் இடம் இருக்கு

பஸ் கண்டக்டராக இருந்த என் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. கொல்லையில் வெயில் நன்றாக விழும் சுவரோரம், மண்தொட்டியில் நெரைன் என்ற பூச்செடியின் கிழங்குகளை நடும்போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் இடம் இருக்கு" என்று அவற்றை விரட்டுவார். வெங்காயம் போன்ற கிழங்குகள் மண்ணுக்கு மேலே கழுத்தை நீட்டி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

பார்க்கிற சித்திக்கு மூச்சு முட்டும். ஒருநாள் அவர் வெளியூர் போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் பிரித்துப் பாத்தியில் தாராளமாக நட்டுவிட்டாள். அவை பூக்க வேண்டிய அந்த இலையுதிர் காலத்தில் மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. அடுத்த வருடமும் அதே கதைதான்.

"கூட்டம் இல்லாத வண்டியில போக அதுங்களுக்குப் பிடிக்கல" என்று சித்தப்பா மறுபடி தொட்டியில் அடைத்தார். ஒரு வருடம் கிழங்குகள் பூக்காமல் முறுக்கிக்கொண்டிருந்தன. அப்புறம் இலையில்லாத தண்டுகளில் ரோஸ் நிறப் பூக்கள் தொட்டி கொள்ளாமல் வந்தன. பணிமனையில் கழித்துப்போட்டதைச் சித்தப்பா கொண்டுவந்து கொல்லையில் போட்டிருந்த பழைய பஸ் சீட்டில் குடும்பமே நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். சித்திதான் இடம் பற்றாமல் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா போய்ச் சேர்ந்த வருடமும் அவை பூத்தன. பார்க்கப் போன நான், சித்தி உட்கார்ந்திருந்த சீட்டின் மறுகோடியில் வசதியாக உட்கார்ந்தேன்.

"அங்க என்ன பண்றே?" என்றாள் சித்தி, நடுவில் காலியாகக் கிடந்த இடத்தைத் தட்டி. "உள்ள வா, உள்ள வா. இன்னும் இடம் இருக்கு."