என்னை மறந்த கணவருக்காக நான் வேண்டியது

மாரியம்மனை நம்பி வாழும் சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். என் பெயர் பரமேஸ்வரி. சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும் எங்களுக்கு நேர்ந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம், தீபாவளிக்கு முந்தின வாரம். வீடு முழுக்கத் தைத்து முடியாத ரவிக்கைகள். என் கணவர் குணசேகரன் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, தாப்பாவுக்கு லோரியில் இறங்கிக்கொண்டிருந்தார். நல்ல மழை. ஒரு வளைவில் லோரி சறுக்கிப் பாறையில் மோதிவிட்டது. எனக்குத் தகவல் கிடைத்தபோது, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் அவர் தலைக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. காம்பாரில் படிக்கும் எங்கள் மகள் தர்ஷினி எனக்கு முன்பே அங்கே வந்து அழுதுகொண்டிருந்தாள்.

பிழைப்பாரா என்றே தெரியாத நாட்கள் அவை. கடைசியில் ஒரு காலையில் கண் விழித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிஸ்ஸி, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றார்.

மிஸ்ஸி என்று இங்கே தாதியைத்தான் கூப்பிடுவோம். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். தர்ஷினியைக் காட்டி, "உங்க மகதாங்க" என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "என் மக சின்னப் பிள்ளைலா. இந்நேரம் ஸ்கூல்ல இருப்பா."

ஞாபகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். அந்நியர் வீட்டுக்கு வந்தவர் போல வாசலிலேயே நின்றார். சட்டை மாற்றிவிடப் போனால், "நீங்க வெளிய இருங்க மிஸ்ஸி, நானே போட்டுக்கிறேன்" என்று கூச்சப்பட்டார். ஒரு நாள் எங்கள் கல்யாணப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அதில் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்த என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நம் கோயிலுக்கு நான் வந்துபோனதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய ரப்பர் தோட்டம் போய், சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் வந்த பிறகும் அம்மன் அங்கேயேதான் இருக்கிறாள். விரதம் இருந்தேன். மண்சோறு சாப்பிட்டேன். ஒரே வேண்டுதல்தான். அவர் பழையபடி வேண்டும். மாதங்கள் ஓடின. ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. விளக்கு ஏற்றுவதை நிறுத்தினேன். கோயில் பேச்சையே எடுக்காதே என்று மகளிடம் சொன்னேன்.

"அப்பாவுக்குத்தானேம்மா நம்மள தெரியல? நமக்கு அவர தெரியும்ல?" என்றாள். அவள் மீதும் எரிந்து விழுந்தேன்.

அப்படி இருந்த ஒரு நாள், வாடிக்கைக்காரப் பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்கதவு திறந்து கிடக்கிறது. அவரைக் காணோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கம் போனான். நான் சந்தை, பஸ் நிலையம் என்று ஓடினேன். பெரிய கால்வாயில் செம்மண் தண்ணீர் நிரம்பி ஓடியது. அதை எட்டிப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அம்மனைக் கூப்பிட்டேன். 'தாயே, அவருக்கு என்னைத் தெரியவே வேண்டாம். உயிரோடு மட்டும் கொடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.' அன்று அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. நெடுஞ்சாலை ஓரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் சகோதரர் ஒருவர் பேசினார். "அக்கா, இங்க ஒரு அண்ணே வந்து உக்காந்திருக்காரு. சட்டைக் காலருக்குள்ள இந்த நம்பர் தைச்சிருக்கு. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காரு."

நான் தைத்து வைத்த எண்தான். போய் இறங்கினேன். கடைக்காரர் வாசலுக்கே வந்தார்.

"போலீசுக்குச் சொல்லவான்னு கேட்டேன்க்கா. வேணாம்னுட்டாரு. 'என்னைப் பாத்துக்கிற மிஸ்ஸி ஒருத்தங்க இருக்காங்க. தேடி வருவாங்க. விட்டுட்டுப் போற ஆளு இல்ல அவங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

அவருக்கு என் பெயர் தெரியாது. மனைவி என்று தெரியாது. ஆனால் நான் வருவேன் என்று தெரிந்திருக்கிறது. உள்ளே போனதும் என் கணவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நனைஞ்சிட்டீங்களே. முதல்ல சூடா தே குடிங்க" என்றார். நான் மழையில் நனைந்து வந்தால் கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படித்தான் உட்காரவைத்துத் தேநீர் குடிக்கச் சொல்வார்.

அன்று அம்மன் எனக்குப் பதில் சொன்னாள் என்று நம்புகிறேன். நான் அவளிடம் பழைய வாழ்க்கையைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளோ, எதுவுமே நினைவில்லாத மனிதரின் நெஞ்சில் எனக்கு மறுபடி ஓர் இடம் கொடுத்திருந்தாள். கோபத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தலையில் அடிபட்டதிலிருந்து வரும் வலிப்பு அவருக்கு இன்னும் நிற்கவில்லை. சில காலைகளில் பயந்து எழுகிறார். நாளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விளக்கு ஏற்றுகிறேன். அவர் சிகிச்சைக்காக ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம், வார்டு வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு போகிறேன். ஆறுதல் சொல்லத் தெரியாது. சும்மா பக்கத்தில் உட்காருவேன்.

போன வாரம் நான் தைத்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"நல்லவரா?"

"ரொம்ப நல்லவரு."

"அப்ப சரிலா" என்று சிரித்தார்.

உங்களில் யாராவது கேட்டது கிடைக்காமல் தவித்தால், என்னைப் போல அம்மனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொரு முறை கூப்பிடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை பூசைக்கு அவரையும் அழைத்து வருகிறேன். உங்களையும் அவருக்குத் தெரியாது. அதனால் என்ன? உங்கள் பெயரைச் சொல்லி, அவர் கையைப் பிடியுங்கள்.