என் அப்பாவைப் பற்றிய பரிசுக் கதை

எண்பதுகளின் நடுவில் நான் திருத்தணியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருந்தேன். ஒருநாள் இடைவேளையில் தலைமையாசிரியர் ஒரு வார இதழோடு ஆசிரியர் அறைக்குள் வந்தார்.

"நம்ம பக்கத்து ஆள் எழுதின கதைங்க. முதல் பரிசு வாங்கியிருக்கு. படிச்சிட்டு அழுதுட்டேன்" என்றார்.

எழுதியவர் மெட்ராஸில் உத்தியோகத்தில் இருப்பவர். கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். என் அப்பா அவர்கள் வீட்டுப் படியாள். தலைமையாசிரியருக்கு அது தெரியாது.

படியாள் என்றால் வேலைக்காரன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறார்கள். வேலைக்காரன் வேலையை விட்டுப் போகலாம். என் தாத்தா அந்த வீட்டில் உழுது செத்தார். மறுநாள் அந்த ஏரை என் அப்பா பிடித்தார். பிடிக்கிறாயா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த வீட்டு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது பெரிய கிணறு அண்ணனுக்கும், மாந்தோப்பும் எங்கள் குடும்பமும் தம்பிக்கும் என்று முடிவானது. அந்தத் தம்பிதான் எங்கள் ஆண்டை. கதை எழுதியவர் அவருடைய மகன்.

மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் கதையைப் படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டில் நடந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு ஆறு வயது, என் தம்பிக்கு மூன்று. ஆண்டை மகனுக்கு, அந்தக் கதை எழுதியவருக்குத்தான், திருத்தணி மலையில் மொட்டை போட நாள் குறித்திருந்தார்கள். அன்று விடிந்ததிலிருந்து தம்பிக்கு வாந்தி பேதி. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆண்டை வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அப்பா வண்டியில் மாடு பூட்டிக்கொண்டே ஆண்டையைக் கேட்டார்.

"ஆண்டே, கொயந்தைக்கு பேதி புட்சிகினு கீது. வண்டி அங்கதான போவுது, பின்னால ஒரு ஓரமா போட்டுகினு போயி ஆஸ்பத்திரியில வுட்டுடறேன் ஆண்டே."

"மொட்டை போடப் போற வண்டியில பேதி கொயந்தையாடா? மாட்டை ஓட்டு."

வண்டி போனது. அப்போது எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அதே ரோட்டில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வண்டி தூரத்தில் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. வெயில் ஏற ஏறத் தம்பி அழுவதை நிறுத்திவிட்டான். அவன் தூங்குகிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். திருத்தணி எல்லையில் ஒரு புளியமரத்தடியில் அம்மா அவனை இறக்கி முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் மலையும் கோயிலும் தெரியும். அந்த நேரத்தில் அப்பா ஆண்டை மகனைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். அடிவாரத்தில், வீட்டுக்குத் திரும்பிப் போகட்டுமா என்று இன்னொரு முறை கேட்டாராம். மேலே போய், கோயில் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவல் இருந்தபோது, வெளியே வந்த ஆண்டையை மறுபடியும் கேட்டாராம். கட்டுசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பதில் வந்ததாம்.

கதையில் இது எப்படி வந்திருந்தது தெரியுமா? ஆண்டை நல்லவர். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் "நீ வீட்டுக்குப் போ" என்கிறார். வேலைக்காரன் மறுக்கிறான். சின்ன ஐயாவும் தன் பிள்ளைதான், அவரை மலையேற்றிவிட்டுத்தான் போவேன் என்று காலில் விழுகிறான். முருகன் பாட்டுப் பாடிக்கொண்டே படியேறுகிறான். சந்நிதியில் கண்ணீரோடு கைகூப்பி நிற்கிறான். தன் பிள்ளை போய்விட்டான் என்ற செய்தி வந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புகிறான். மேகங்கள் நகர்கின்றன. கதை முடிகிறது.

அன்று சாயங்காலம் அந்த இதழை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எழுபதுகளில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதைச் சொல்லி அப்பாவை மீட்க யாரும் வரவில்லை. எனக்கு வேலை கிடைத்த பிறகு நான்தான் அவரையும் அம்மாவையும் திருத்தணிக்கு அழைத்து வந்தேன். இருவருக்கும் படிக்கத் தெரியாது. கதையைச் சத்தமாக வாசித்தேன். அப்பா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டை "வீட்டுக்குப் போ" என்று சொல்லும் இடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க, அத இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

"அவரு போன்னாரா? நானா வேணான்னேன்?"

"அப்படித்தான் எழுதியிருக்கு, நைனா."

"மூணு வாட்டி கேட்டேன்மா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, "மூணு வாட்டி" என்றார்.

அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"என்னைய இன்னான்னு எழுதிகிறான்?"

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுடி."

"நீ கதையில இல்லம்மா. அவருக்குப் பொண்டாட்டி இல்ல. கொயந்தை பொறந்தப்பவே செத்துட்டாளாம்."

"அப்ப நான் நடந்தது?"

"அது இல்ல."

அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுத்துக்குள் எங்காவது தன்னை வைத்திருப்பார்களோ என்று தேடுவதுபோல இருந்தது. பிறகு அடுப்புக்குத் திரும்பினாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் அந்த எழுத்தாளருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். விழா தொடங்கும் முன்பு அவர் தலைமையாசிரியர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் இன்னார் மகள் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"அப்பா நல்லா இருக்காரா? கதையைப் படிச்சாரா?"

"நான் படிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"மூணு வாட்டி கேட்டதா சொன்னாரு. உங்கப்பா அனுப்பலையாம். எங்கம்மாவும் உயிரோடதான் இருக்காங்க. நடந்து வந்தப்ப நானும் கூட இருந்தேன்."

கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு அப்ப அஞ்சு வயசும்மா. எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க. உங்கப்பாவை நான் உயர்வாத்தானே எழுதியிருக்கேன்?"

"என் தம்பி செத்ததை எங்கப்பாவே ஒத்துக்கிட்டா மாதிரி எழுதியிருக்கீங்க. அதுக்குப் பேரு உயர்வா?"

"கதைன்னா கொஞ்சம் கற்பனை இருக்கத்தானே செய்யும்."

"உங்கப்பாவை நல்லவராக்கத்தான அந்தக் கற்பனை?"

தலைமையாசிரியர் நடுவில் புகுந்து, "விழா நாள்ல எதுக்குங்க இதெல்லாம்" என்றார். எழுத்தாளர் என் கையைப் பிடிக்க வந்தார். நடந்ததை வைத்து இன்னொரு கதை எழுதுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கடைசியில் தன் நல்ல மனதை நினைத்துத் தானே அழுதுகொள்ளும் ஒரு கதையைத்தான் எழுதியிருப்பார். விழா நடந்தது. மாலை போட்டார்கள். தலைமையாசிரியர் மேடையில் மறுபடியும் கண் கலங்கினார்.

அடுத்த திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடம். கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நம் நாட்டுக் கிராமங்களைப் பற்றிய பாடத்தில் ஏரியும் ஊர்ச் சபையும் கோயிலும் இருந்தன. ஏர் பிடித்தவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நம்ம ஊர்ல அடிமைங்க இருந்தாங்களா?"

இதே கேள்வியை வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பாடத்தில் இல்லாததைச் சொல்லப் பயம். என் வேலையைப் பற்றிப் பயம், என் சாதி தெரிந்துவிடும் என்று பயம். அந்த எழுத்தாளர் அம்மாவை ஒருமுறைதான் அழித்தார். நான் வருஷா வருஷம் அவளை அழித்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது.

"இருந்தாங்க" என்றேன். "எங்கப்பா அடிமையா இருந்தாரு."

புத்தகத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, புளியமரம், செருப்புகள், எதையும் விடவில்லை. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளே புகார் வந்தது. ஒரு மாணவனின் தந்தை தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, "எங்க வீட்ல படியாளுங்கள புள்ளைங்க மாதிரி வெச்சிருந்தோம்" என்று சத்தம் போட்டார். நான் உள்ளே போய், "அப்படின்னா சொத்துல பங்கு குடுத்தீங்களா?" என்று கேட்டேன். அதற்கும் சேர்த்து எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே பேசி மாணவர்களிடையே பிரிவினை உண்டாக்கினேனாம். நாலு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிப்பட்டுக்கு மாற்றல் வந்தது. காரணம், நிர்வாக வசதி.

அப்பாவிடம் சொன்னபோது, "என்னால உனக்கு இந்தத் தொல்லை" என்றார். அந்த வார்த்தை எனக்கு மாற்றலைவிட வலித்தது. குழந்தையைப் பறிகொடுத்தவர் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசுகிறார். பறித்தவர்கள் வீட்டில் கதை எழுதிப் பரிசு வாங்குகிறார்கள். அம்மாதான் மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள்:

"அந்த ஊர் புள்ளைங்களுக்கும் சொல்லுவ இல்ல?"

"ஆங், சொல்லுவேன்" என்றேன்.

சொன்னேன். பள்ளிப்பட்டிலும் இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். இரண்டு முறையும் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.