ஹைடா அங்கிள் கொண்டுவந்த பை

மரம் அரியும் மில்லில் வேலை செய்த என் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைடா இனத்தவர் ஒருவரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேலில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும்.

ஹைடா என்றால் யார் என்று நீங்கள் கேட்பீர்கள், பிள்ளைகளே. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்குள் ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அது அவர்களுடைய மண். அந்த நாளில் வரைபடங்களில் அந்தத் தீவுகளுக்கு ஓர் இங்கிலாந்து ராணியின் பெயர் போட்டிருந்தது. அவர்கள் மட்டும் தங்கள் பெயரிலேயே சொல்லிக்கொண்டார்கள்.

வந்தவர் கப்பல்காரர். மெல்பேர்ண் துறைமுகத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய கப்பல் போய்விட்டது. கால் சரியான பிறகு மாமாவின் மில்லில் சேர்ந்தார். அங்கே வந்து இறங்கிய சிவந்த மரத்தை மோந்து பார்த்துவிட்டு, இது எங்கள் பக்கத்து மரம் என்றாராம். அப்படித்தான் இருவரும் கூட்டாளி ஆனார்கள்.

அங்கிளுக்கு அப்போது ஒரு துக்கம். ஊரில் அவருடைய தாய்மாமன் இறந்துவிட்டார். ஹைடா வழக்கப்படி பிள்ளைகள் தாயின் பக்கம். தாய்மாமனின் பெயரும் உரிமையும் மருமகனுக்கு வரும். இதைக் கேட்டதும், எனக்குத் தாய்மாமனான மாமாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டு, "அப்ப மச்சான், இந்த வீட்டில நான் ஆர்? வாடகைக்கு இருக்கிறவனோ?" என்று கேட்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் அங்கிள் எழுந்து நின்றார். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். மாமா தமிழில் சொன்னார். ஹைடா ஆட்கள் காகம், கழுகு என்று இரண்டு பக்கமாம்; தான் காகத்தின் பக்கத்தைச் சேர்ந்தவன் என்றார். தாயின் பெயரைச் சொன்னார். பிறகு மாமனிடமிருந்து தனக்கு வரும் பெயரையும், தங்கள் ஊரின் பெயரையும் அவர்களுடைய பாஷையில் சொன்னார். அந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லையாம். கப்பல்களில் வந்த அம்மை நோய் பெரும்பாலானவர்களைக் கொண்டுபோக, மிஞ்சியவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். செதுக்கிய பெரிய மரத்தூண்கள் மட்டும் நிற்கின்றன, சில சாய்ந்து கிடக்கின்றன என்றார்.

சொல்லி முடித்ததும் கையிலிருந்த பையைத் திறந்தார். அம்மாவுக்கு ஒரு துவாய். அப்பாவுக்குத் தகரத்தில் அடைத்த மீன் ரின். மாமாவுக்குக் கையுறை. எனக்கு ஒரு ரோச் லைட். அமத்தினால் சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. முதல் தரம் வீட்டுக்கு வந்த மனுசன், இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை, அதற்குள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சாமான். மாமாவை அடுப்படிக்கு, குசினிக்குள் கூப்பிட்டு, "என்ன தம்பி, எங்கட சோத்துக்குக் கூலி குடுக்கிறாரோ?" என்று மெல்லிய குரலில் கேட்டார். மாமா பதில் சொல்லுவதற்குள் எல்லாவற்றையும் வாங்கி, அதே பையில் போட்டு, மேலே ஒரு பார்சல் பயற்றம் பணியாரமும் வைத்துவிட்டார். என் ரோச்சும் போனது. அம்மா பையைச் சிரித்த முகத்தோடு அங்கிளின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். விருந்தாளிக்குச் சோறு போட்டு ஒன்றும் வாங்காததுதான் எங்கள் முறைப்படி மரியாதை.

அங்கிள் பையைக் குனிந்து பார்த்தார். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் அவருக்கு முன்னால் இருந்தன. அவர் தொடவில்லை. அம்மா உறைப்புக் கூடிவிட்டது என்று பதறி, தயிர் எடுக்கப் போனார். மாமா அங்கிளோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். அங்கிள் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் மாறியது.

அம்மா தயிரோடு வந்ததும் மாமா சொன்னார்:

"அக்கா, திருப்பிக் குடுத்தது பிழையாப் போச்சு. அது கூலியில்லை. அவையின்ர ஊரில ஒராள் மாமன்ர பேரை எடுத்தா, மற்றப் பக்கத்து ஆக்களைக் கூப்பிட்டுச் சபையில சொல்லோணும். கேட்டவைக்குச் சாமான் குடுக்கோணும். வாங்கினா, நான் கண்டனான், கேட்டனான் எண்டு அர்த்தம். திருப்பினா, ஒண்டும் கேக்கேல்லை எண்டு அர்த்தம்."

ஊருக்குப் போய் முறையாகச் செய்யத்தான் அங்கிள் இருந்தார். ஆனால் எப்போது போவார் என்று அவருக்கே தெரியாது. அங்கே மரம் வெட்டும் கம்பனிக்காரர் அந்தப் பக்கம் ஆளில்லாத இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரைச் சுமக்க ஆள் இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதே உண்மை என்றாகிவிடும். அதுவரைக்கும் உலகத்தில் எங்கேயாவது நாலு பேர் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மெல்பேர்ணில் அவருக்குக் கிடைத்த நாலு பேர் நாங்கள்.

அப்பா, "நாங்கள் எந்தப் பக்கமாம்?" என்று கேட்டார்.

"இண்டைக்கு மட்டும் கழுகுப் பக்கம் எண்டு வைப்பமாம்," என்றார் மாமா.

அம்மா தயிரை மேசையில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். பையிலிருந்து துவாயைத் தானே எடுக்காமல், அங்கிள் எடுத்துத் தரும்வரை நின்று, இரண்டு கைகளாலும் வாங்கினார். பிறகு மாமாவிடம் சொன்னார்:

"அந்தப் பேரையும் ஊரையும் இன்னொருக்காச் சொல்லச் சொல்லு, தம்பி. முதல் நான் குசினி நினைவில நிண்டிட்டன். வடிவாக் கேக்கேல்லை."

அங்கிள் திரும்பவும் எழுந்து நின்று சொன்னார். இந்த முறை ஆங்கிலம் இல்லை. மாமாவும் மொழிபெயர்க்கவில்லை. அம்மா அந்தப் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்பா மீன் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் இருப்பதுபோல இருந்தார்.

எனக்கு ரோச் திரும்பக் கிடைத்தது. மேசைக்குக் கீழே அதை எரிப்பதும் அணைப்பதுமாக இருந்தேன். மேலே அங்கிள் சாப்பிடத் தொடங்கியிருந்தார். இரண்டாம் தரமும் சோறு கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கறி அள்ளிப் போட்டார்.

அம்மா வைத்த தயிர் நல்லாக வேலை செய்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.